வாய்க்குப் பிடித்தது குடலுக்கு?

புதுத் தீவனத்தை இன்று தண்ணீரில் போட்டதும் மீன்கள் முண்டியடித்துத் தின்றன.

"பிடிச்சிருக்கு போல" என்றார் பக்கத்தில் நின்றவர்.

வாய்க்குப் பிடித்தது சரி, குடலுக்கு?

குடல் சுவர்ச் செல்களில் பெப்ட்1 என்றொரு கடத்திப் புரதம் உண்டு. செரித்த புரதத்திலிருந்து இரண்டு மூன்று அமினோ அமிலங்கள் கோத்த துணுக்குகளை உள்ளே இழுப்பது அதுதான். தீவனத்தில் மீன்தூளைக் குறைத்துச் சோயாவைக் கூட்டினால் பெப்ட்1-இன் மரபணு வேலை செய்யும் அளவே மாறலாம், கூடுமா குறையுமா என்பது மீன் இனத்தையும் எத்தனை நாள் கொடுக்கிறோம் என்பதையும் பொறுத்தது. அட்லாண்டிக் சால்மன் மீனுக்கோ சோயா மாவு அதிகமானால் பின்குடலில் அழற்சியே வந்துவிடும்.

தீவனப் பையில் புரதச் சதவீதம் மட்டும் கொட்டை எழுத்தில் இருந்தது. உடம்பில் சேர்வது எவ்வளவு என்று அதில் இல்லை.

அப்புறம், மரபணு அதிகம் வேலை செய்கிறது என்பதாலேயே உறிஞ்சுவதும் கூடிவிட்டது என்று நம்பிவிடவும் முடியாது.