ஆறு முறை சொதப்பிய சாஸ்

நேற்று இரவு என் சமையலறையில் ஒரு வெற்றி கிட்டியது. சாட்சிக்கு என் தங்கை மட்டுமே இருந்தாள், அவளும் பசியில் இருந்ததால் சரியாகக் கவனிக்கவில்லை. எனவே நானே எழுதி வைத்துக்கொள்கிறேன்.

சனிக்கிழமை இரவு எனக்குப் பிடித்த ஒருவர் முதல்முறையாக என் வீட்டுக்குச் சாப்பிட வருகிறார். நான் தேர்ந்தெடுத்தது காச்சோ எ பெப்பே. ரோம் நகரத்துப் பாஸ்தா. பெயருக்கே ‘சீஸும் மிளகும்’ என்றுதான் பொருள். பாஸ்தா, பெக்கோரினோ ரோமானோ என்ற செம்மறியாட்டுப் பால் சீஸ், மிளகு, பாஸ்தா வடித்த கஞ்சி. வெண்ணெயும் கிடையாது, க்ரீமும் கிடையாது. இவ்வளவு சின்னப் பட்டியல்தானே, அரை மணி நேரத்தில் முடித்துவிட்டு நிதானமாகப் பேசிக்கொண்டிருக்கலாம் என்று கணக்குப் போட்டேன். அந்த நினைப்பு வந்து மூன்று வாரம் ஆகிறது.

முதல் முறை சீஸ் முழுவதும் உருண்டு கரண்டியின் முனையில் சூயிங் கம் போல ஒட்டிக்கொண்டது. சட்டியில் வெறும் வெந்நீரில் பாஸ்தா நீந்தியது. இரண்டாம் முறை சோம்பல்பட்டுத் துருவிய சீஸ் பாக்கெட் வாங்கினேன். துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்க அதில் செல்லுலோஸ் கலந்திருந்தது. நாக்கில் மணல் நெருடியது போல இருந்தது. அந்தப் பாக்கெட்டைப் பற்றி இன்னும் எழுதினால் கோபம் வரும். மூன்றாம் முறை கட்டியாக வாங்கி, மாவு போலத் துருவினேன். அப்போதும் திரிந்தது.

சமையல் குறிப்புகள் எல்லாமே ஒரே மந்திரத்தைச் சொல்கின்றன: “பாஸ்தா கொஞ்சம் ஆறியதும் சீஸைச் சேர்க்கவும்.” கொஞ்சம் என்றால் எவ்வளவு? ஒரு நிமிடமா, ஐந்து நிமிடமா? ஏறத்தாழ 65 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் சீஸில் உள்ள புரதம் ஒன்றோடொன்று பிணைந்து கட்டியாகிவிடும். இதைச் சொல்லாமல் ‘கைப்பக்குவம்’ என்று முடித்துவிடுகிறார்கள். ஆகவே ஒரு வெப்பமானி வாங்கினேன். நான்காம் முறை, திரையில் 60 காட்டியபோது சீஸைக் கொட்டினேன். திரிந்தது!

அன்று இரவு ஒரு டம்ளரில் ஐஸை நிரப்பி, இடைவெளி நிறையத் தண்ணீர் ஊற்றி, அதில் வெப்பமானியை விட்டுப் பார்த்தேன். பூஜ்யம் காட்ட வேண்டிய இடத்தில் மைனஸ் 6. அதாவது அது 60 என்று சொன்னபோது சட்டி 66-இல் இருந்திருக்கிறது. நான்கு தோல்விகளில் ஒன்றாவது என் கைக்குற்றம் இல்லை. வெப்பமானி வாங்குகிறவர்கள் முதல் நாளே ஐஸ் தண்ணீரில் சோதித்துவிடுங்கள். விற்றவர் இன்னும் என் கடிதத்துக்குப் பதில் போடவில்லை.

ஐந்தாம் முறை 6 டிகிரியைக் கூட்டிக் கணக்கிட்டு இறக்கினேன். சட்டியில் பட்டுப் போல இருந்தது. இன்னும் சூடாக இருந்தால் நன்றாக இருக்குமே என்று ஒரு நொடி அடுப்பில் காட்டினேன். அவ்வளவுதான், பழையபடி கட்டி. இவ்வளவு குறுகிய இடைவெளியில் நிற்கும் ஒரு பண்டத்தை, எதிரில் ஒருவர் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும்போது செய்ய முடியாது.

இதற்கு வழி, சீஸின் எடையில் 2 முதல் 3 சதவீதம் மாவுச்சத்து. இதை நான் கண்டுபிடிக்கவில்லை. இயற்பியலாளர்கள் சிலர் இந்தச் சாஸையே ஆராய்ந்து கட்டுரை எழுதி, முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்குத் தரும் இக் நோபல் பரிசை, 2025-ஆம் ஆண்டில் இயற்பியலுக்காக வாங்கிவிட்டார்கள். சீஸ் கட்டியாகும் நிலைக்கு ‘மொசரெல்லா நிலை’ என்று பெயரே வைத்திருக்கிறார்கள். உலகத்தில் நான் மட்டும் பைத்தியம் இல்லை என்று தெரிந்ததில் அன்று நன்றாகத் தூங்கினேன்.

ஆறாம் முறை கார்ன்ஃப்ளார் எனும் சோள மாவைக் கரண்டிக் கணக்கில் போட்டுத் தொலைத்தேன். திரியவில்லை, ஆனால் தட்டில் ஆறியதும் சுவரொட்டி ஒட்டும் பசையாக இறுகிவிட்டது. 4 சதவீதத்தைத் தாண்டினால் அப்படித்தான். சமையலறைத் தராசு 3 கிராமைக் கண்டுகொள்வதே இல்லை என்பதால், நகை எடை போடும் சிறு தராசு ஒன்று வரவழைத்தேன். (இப்போது வீட்டில் மிளகு, உப்பு, காபித்தூள் எல்லாவற்றையும் எடை போட்டுக்கொண்டிருக்கிறேன்.)

நேற்றைய கணக்கு: பாஸ்தா 200 கிராம், சீஸ் 120 கிராம், சோள மாவு 3 கிராம். மாவை 40 மில்லி பச்சைத் தண்ணீரில் கரைத்துச் சிறு தீயில் கிளறினேன். பால் போல இருந்தது சட்டென்று கண்ணாடி போலத் தெளிந்து, கரண்டியில் ஏடு கட்டியது. அந்த நொடியில் இறக்கிவிட வேண்டும். ஆறவைத்து, சீஸோடு சேர்த்து மிக்ஸியில் அடித்தால் வழுவழுப்பான விழுது. வறுத்து இடித்த மிளகையும் வடிகஞ்சியையும் சேர்த்துப் பாஸ்தாவோடு புரட்டினேன். வேண்டுமென்றே மறுபடி அடுப்பில் வைத்தேன். கொஞ்சம்கூட அசையவில்லை. தட்டுகளை முன்பே வெந்நீரில் சூடாக்கி வைத்திருந்தேன்.

தங்கையை அவர் உட்காரப்போகும் நாற்காலியில் உட்காரவைத்து, பேசிக்கொண்டே செய்தேன் என்றுதான் நினைத்திருந்தேன்.

“அண்ணா, நீ என்னை நிமிர்ந்து பார்த்துக் கால் மணி நேரம் ஆகிறது. அந்தத் தராசையா காதலிக்கிறாய்?”

வாசனை மெழுகுவர்த்தியும் அவள் கண்டுபிடித்த குறைதான்: மல்லிகை வாசத்தில் சீஸ் சாப்பிட்டால் சோப்புப் பெட்டிக்குள் உட்கார்ந்திருப்பது போல இருக்கிறதாம். உண்மைதான். மணமில்லாத மெழுகுவர்த்தி வாங்க வேண்டும்.

இனிப்புக்கு, நடுவில் சாக்லேட் வழியும் கேக். ஒரு முறை செய்து பார்த்ததில் வழியவே இல்லை, முழுக்க வெந்துவிட்டது. மாவை அச்சில் ஊற்றிக் குளிர்பெட்டியில் வைத்துக்கொண்டு சாப்பிட்ட பிறகு ஓவனில் வைக்கலாம் என்பது திட்டம். குளிர்ந்த மாவுக்கு எத்தனை நிமிடம் கூடுதல் என்று பார்க்க வேண்டும். அதற்கு ஆறு அச்சுகள் ஒதுக்கியிருக்கிறேன். அதற்கு முன் ஓவனின் சூட்டையும் சோதிக்க வேண்டும், இனி எந்த எண்ணையும் நம்புவதாக இல்லை.

தட்டை வழித்து முடித்த தங்கை கேட்டாள்: “அவருக்குப் பால் பொருள் ஒத்துக்கொள்ளுமா?”

ஏழு முறை செய்தாயிற்று, அதைக் கேட்கவே இல்லை. உடனே செய்தி அனுப்பினேன். பதில் பத்து நிமிடத்தில் வந்தது: சீஸ் எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடுவாராம். மிளகு மட்டும் அதிகமானால் இருமல் வந்துவிடுமாம்.

இன்று இரவு எட்டாவது முறை. சாஸில் மிளகு அரைப்பங்கு. மீதியை இடித்துச் சிறு கிண்ணத்தில் மேசை மேல் வைத்துவிடுகிறேன்.