கிழிக்கப்பட்ட மூலை

மிசௌரி மாநிலத்துப் பொது நூலகம் ஒன்றின் உள்ளூர் வரலாற்றுப் பிரிவில் ஆறு ஆண்டுகள் பணியாற்றினேன். முதல் உலகப் போருக்குச் சென்ற தாத்தாவையோ கொள்ளுத்தாத்தாவையோ தேடி வருபவர்களுக்கு ஆவணம் எடுத்துக் கொடுப்பது என் பொறுப்பு. வருபவர்கள் பெரும்பாலும் ஒரு பதக்கத்தை எதிர்பார்த்தே வருவார்கள். அந்தப் போரில் அமெரிக்கா இழந்த சுமார் 1,16,500 பேரில் பாதிக்கும் மேற்பட்டோர் சண்டையில் இறக்கவில்லை என்பதையும், அவர்களில் பெரும்பாலோரை நோயே, குறிப்பாக 1918இன் ஃபுளூவே, கொண்டுபோனது என்பதையும் மெதுவாகத்தான் சொல்ல வேண்டியிருக்கும்.

அதைவிடச் சிரமமான செய்தி இன்னொன்று உண்டு. 1973 ஜூலை 12 அன்று, செயின்ட் லூயிஸ் அருகே இருந்த ராணுவப் பணியாளர் ஆவணக் காப்பகத்தின் ஆறாம் தளம் தீப்பற்றி எரிந்ததில், 1.6 கோடி முதல் 1.8 கோடி வரையிலான கோப்புகள் அழிந்தன. 1912 நவம்பருக்கும் 1960 ஜனவரிக்கும் இடையே தரைப்படையிலிருந்து விடுவிக்கப்பட்டவர்களின் கோப்புகளில் ஏறத்தாழ 80 விழுக்காடு அவற்றுள் அடங்கும். நகல் எடுத்து வைத்திருக்கவில்லை.

ஆகவே பல குடும்பங்களுக்கு எஞ்சியது கட்டாய ராணுவச் சேவைக்கான பதிவு அட்டைதான். 1917, 1918 ஆகிய இரண்டு ஆண்டுகளில் மூன்று சுற்றுகளாக சுமார் 2.4 கோடி ஆண்கள் பதிவு செய்துகொண்டார்கள். பிறந்த ஊர், வேலை, அவரை நம்பி வாழ்பவர்கள் யார், கண்ணின் நிறம், கீழே ஒரு கையெழுத்து. எழுதத் தெரியாதவர் போட்ட பெருக்கல் குறியும் உண்டு. தாத்தாவின் கையெழுத்தை முதன்முறையாகப் பார்ப்பவர்கள் திரையின்மேல் விரலை வைத்துப் பார்ப்பார்கள். அதைத் தடுக்கும் விதி எங்களிடம் இருந்தது, நான் தடுத்ததில்லை.

சேர்ந்த முதல் ஆண்டில் இந்த அட்டைகளின் மைக்ரோஃபிலிம் பிரதிகளுக்குப் பெயர்ப் பட்டியல் தயாரித்தேன். சில அட்டைகளில் இடது கீழ் மூலை இல்லாமல் இருந்தது. பழைய காகிதம், எலியோ ஈரமோ தின்றிருக்கும் என்று நினைத்து, குறிப்புப் பத்தியில் 'சேதம்' என்று எழுதிக்கொண்டே போனேன். பட்டியலைச் சரிபார்த்த மூத்த சக ஊழியர், ஒரு கறுப்பினப் பெண்மணி, எதுவும் சொல்லாமல் மூலை முழுதாக இருந்த வேறோர் அட்டையைத் திரையில் பெரிதாக்கிக் காட்டினார். பதிவாளருக்கான கட்டளை அந்த மூலையிலேயே பொடி எழுத்தில் அச்சாகியிருந்தது: ஆப்பிரிக்க வம்சாவளியினர் என்றால் இம்மூலையைக் கிழிக்கவும்.

அதாவது, முதல் சுற்றுப் பதிவு நடந்த 1917 ஜூன் 5 அன்று வரிசையில் நின்றவர் கையெழுத்துப் போட்ட அட்டையை அரசே கிழித்து அடையாளப்படுத்தியது, கறுப்பினத்தவரைத் தனிப் படைப்பிரிவுகளுக்குப் பிரித்தெடுக்க அது வசதியாக இருந்தது. அந்தப் போரில் தரைப்படையில் பணிபுரிந்த கறுப்பினத்தவர் ஏறத்தாழ 3,80,000 பேர். பெரும்பாலோருக்குக் கிடைத்தது துறைமுகத்தில் மூட்டை இறக்கும் வேலையும் சாலை போடும் வேலையும்தான். நியூயார்க்கின் கறுப்பினப் படைப்பிரிவான 369ஆம் பிரிவு களம் கண்டது பிரெஞ்சுத் தளபதிகளின் கீழ். அதில் போரிட்ட ஹென்றி ஜான்சனுக்கு அமெரிக்காவின் உயரிய வீரப் பதக்கம் 2015இல்தான், இறந்து பல பத்தாண்டுகளுக்குப் பின், வழங்கப்பட்டது. ராணுவத்தில் இனப் பாகுபாட்டை ஒழிக்க 1948இல் ஆணையிட்ட அமெரிக்க அதிபர் ட்ரூமன், முதல் உலகப் போரில் பீரங்கிப் படையில் கேப்டனாக இருந்த மிசௌரிக்காரர் என்பதை இங்கே குறிப்பிட்டாக வேண்டும்.

இதே மாநிலத்தின் கான்சஸ் சிட்டியில் இப்போருக்கான தேசிய அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே கண்ணாடிப் பாலத்தின் கீழே 9,000 பாப்பி மலர்கள். ஒரு மலர் ஆயிரம் சாவுக்குச் சமம். அங்கு சென்றபோது எனக்கும் தொண்டை அடைத்தது. ஆனாலும் அந்தப் போரை நினைத்தால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அட்டையின் அந்த மூலைதான்.

'சேதம்' என்று எழுதிய இடங்களையெல்லாம் திருத்த மூன்று வாரம் பிடித்தது.

பிறகு ஒரு நாள், எண்பதைக் கடந்த ஒரு மூதாட்டி தம் தந்தையின் அட்டையைத் தேடி வந்தார். தந்தையின் கோப்பு தீயில் போய்விட்டிருந்தது. அட்டை கிடைத்தது, மூலை இல்லாமல். அங்கே என்ன இருந்தது என்று கேட்டார். சொல்ல நா எழாமல், முழுதாக இருந்த வேறொருவரின் அட்டையைக் காட்டினேன். அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு ஒருமுறை வாய்விட்டுப் படித்தார். பிறகு இரண்டுக்கும் நகல் கேட்டார். எங்கள் இயந்திரம் ஓரங்களைத் தானாக வெட்டிச் சதுரமாக்கிவிடும் என்பதால், கிழிசல் தெரியும்படி தந்தையின் அட்டையைப் பெரிய தாளில் எடுத்துக் கொடுத்தேன்.