மிளகு மணக்கும் கோர்னாஸ்

பிரெஞ்சு சிவப்பு ஒயின்களில் என் மனதுக்கு மிக நெருக்கமானது கோர்னாஸ். ரோன் ஆற்றின் மேற்குக் கரையில், வாலன்ஸ் நகருக்கு எதிரே இருக்கிற சிற்றூரின் பெயர் அது. வெயில் காயும் செங்குத்தான கருங்கல் சரிவுகளில் கல்சுவர் எழுப்பி, படிப்படியாகத் திராட்சை வளர்க்கிறார்கள். பல இடங்களில் டிராக்டர் ஏறாது, எல்லாம் கைவேலைதான். அந்த உழைப்பை நினைக்காமல் என்னால் ஒரு மடக்கு குடிக்க முடியாது.

1938இலிருந்து சட்டப் பாதுகாப்பு பெற்ற பெயர் இது. சிரா திராட்சை மட்டும்தான் சேர்க்கலாம். பக்கத்து ஒயின் பகுதியான ஹெர்மிடாஜில்கூடக் கொஞ்சம் வெள்ளைத் திராட்சைக்கு அனுமதி உண்டு, இங்கே அதுவும் கிடையாது.

முகர்ந்தால் முதலில் வருவது மிளகு. கற்பனை இல்லை, மிளகுக்கு மணம் தரும் ரோட்டண்டோன் என்ற அதே பொருள் சிராவிலும் இருப்பதை 2008இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். அப்புறம் கருப்புப் பழங்கள், ஆலிவ், லேசான புகை.

இளம் கோர்னாஸ் நாக்கை இறுக்கிப் பிடிக்கும். எட்டு, பத்து வருடம் காத்திருந்தால் துவர்ப்பு இளகிவிடும். பொறுமை இல்லையா, சரி, அகன்ற கண்ணாடிக் குடுவையில் ஊற்றி இரண்டு மணி நேரம் காற்றுப்பட விடுங்கள். சூடு 16 முதல் 18 டிகிரி வரை போதும். நம் ஊர் அறைச் சூட்டில் குடித்தால் சாராய நெடிதான் மேலே நிற்கும், அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

கூடவே, மெதுவாக வெந்த ஆட்டுக்கறி. மீனோடு மட்டும் வேண்டவே வேண்டாம்.