சார்ஜ் ஏறாத சர்வே மீட்டரும் ஒரு சாதாரண கேபிளும்

மலேசியாவின் பிறையில் ராத்திரி ஷிப்ட். இரிடியம்-192 என்ற கதிரியக்கப் பொருளை வைத்து, குழாய் வெல்டிங்கைப் படம் எடுக்கும் ரேடியோகிராபி வேலை. கதிர்வீச்சை அளக்கும் புது சர்வே மீட்டர் கைக்கு வந்து நாலாவது நாள். பழைய மீட்டரில் ஏஏ பேட்டரி, தீர்ந்தால் பக்கத்துக் கடையில் வாங்கி மாட்டிவிடலாம். புதியதில் லித்தியம் பேட்டரி உள்ளேயே இருக்கிறது, டைப்-சி வழியாகத்தான் சார்ஜ். முதல் நாள் ராத்திரி முழுக்க என் கைபேசி சார்ஜரில், இரண்டு முனையும் டைப்-சி ஆன கேபிளில் போட்டு வைத்தேன். மூன்று நாளும் அப்படியே செய்தேன். பேட்டரிக் குறி பாதிக்கு மேலேயே நின்றதால் ஏறுகிறது என்றே நம்பினேன்.

நாலாம் நாள் சைட்டில், கேமராவை, அதாவது இரிடியம் சோர்ஸ் இருக்கும் கவசப் பெட்டியைத் திறக்கும் முன் பேட்டரி செக் செய்தபோது குறி ஒரேயடியாகக் கீழே விழுந்து சிவப்பு எரிந்தது. எங்கள் சீனியர் அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு, "மீட்டர் இல்லாம சோர்ஸ் வெளிய வரக்கூடாது தம்பி, எல்லாத்தையும் நிறுத்து" என்றார். பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸிலிருந்து ஒருவர் மாற்று மீட்டரைப் பாலம் தாண்டிக் கொண்டுவரும் வரை வேலை நின்றது. யாரும் திட்டவில்லை. அதுவே என்னைப் போட்டு அரித்தது.

இது போனில் சார்ஜ் இல்லாத மாதிரியான விஷயம் இல்லை. மீட்டருக்குள் கதிர்வீச்சை எண்ணும் கைகர் குழாய்க்கு நானூறு, ஐந்நூறு வோல்ட் வேண்டும், அதைச் சின்ன 3.7 வோல்ட் பேட்டரியிலிருந்துதான் ஏற்றிக் கொடுக்கிறார்கள். பேட்டரி தளர்ந்து அந்த உயர் மின்னழுத்தம் சரிந்தால், குழாய் எண்ணவேண்டியதை எண்ணாமல் விட்டுவிடும், திரையில் குறைந்த எண் தெரியும். குறைந்த எண்ணைப் பார்த்தால் மனுஷன் என்ன நினைப்பான்? பக்கத்தில் போகலாம் என்றுதான் நினைப்பான். நல்ல கருவிகள் அதற்கு முன்பே தாமாக அணைந்துவிடும், ஆனால் எல்லாக் கருவியும் அப்படி இல்லை. பாங்கி என்ற ஊரில் உள்ள ஆய்வகத்துக்கு அனுப்பி, அளவு சரிபார்த்து (கலிப்ரேஷன்) ஒட்டி வந்த ஸ்டிக்கர் இதற்கு உதவாது.

மறுநாள் வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தேன். அதே சார்ஜர், வேறு டைப்-சி கேபிள்: விளக்கு எரியவில்லை. வீட்டில் கிடந்த பழைய நீள்சதுர முனை, அதாவது டைப்-ஏ சார்ஜரில் ஏ-டு-சி கேபிளைச் செருகியதும் ஆரஞ்சு விளக்கு எரிந்தது! காரணம் இதுதான்: டைப்-சி சார்ஜர், மறுமுனையில் உள்ள கருவி 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர் மூலம் "நான் இருக்கிறேன்" என்று காட்டினால்தான் மின்சாரம் விடும். சில கருவிகளில் அந்த ரெசிஸ்டரையே வைப்பதில்லை. டைப்-ஏ சார்ஜர் அதையெல்லாம் கேட்காது, 5 வோல்ட் எப்போதும் வந்துகொண்டே இருக்கும். உங்கள் மீட்டர் "செத்துவிட்டது" என்று திருப்பி அனுப்பும் முன் இதை ஒருமுறை பாருங்கள்.

சரி, சார்ஜ் ஏறியது. அப்புறம் இன்னொன்று தெரிந்தது. மதியம் வேனில் வைத்து பவர்பேங்கில் போட்டால் ஏறவே மாட்டேன் என்கிறது. நம்ம ஊர் வெயிலில் நிறுத்திய வேனுக்குள் கை வைக்க முடியாது, லித்தியத்தை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யக்கூடாது என்பதால் உள்ளே இருக்கும் சுற்று நிறுத்திவிடுகிறது. அது கருவியின் பழுது இல்லை, பாதுகாப்பு. இப்போது வீட்டில், மேசை மேல், காற்றோட்டத்தில்தான் போடுகிறேன்.

சதவீதக் குறியையும் முழுசாக நம்புவதில்லை. லித்தியத்தின் வோல்ட் நடுவில் வெகுநேரம் அசையாமல் நின்று, கடைசியில் சட்டென்று விழும். அதனால் பாதிக்குக் கீழே போனாலே அன்றைக்குச் சார்ஜ். திரை வெளிச்சத்தைக் குறைத்தேன், அதில் நிறைய மிச்சமாகிறது. ஒலியைக் குறைக்கச் சொல்வார்கள், நான் குறைப்பதில்லை. இருட்டில் கண் படத்தில் இருக்கும்போது அந்தச் சத்தம்தான் நம்மைக் கூப்பிடும்.

இப்போது ஷிப்ட் தொடங்குமுன் பேட்டரி செக் முடித்ததும், சோர்ஸ் உள்ளே இருக்கும்போதே மூடிய கேமராவின் பக்கத்தில் மீட்டரை எப்போதும் ஒரே இடத்தில் வைத்து எண்ணைக் குறித்துக்கொள்கிறேன். இரிடியம் 74 நாளில் பாதியாகிவிடும் என்பதால் எண் வாரத்துக்கு வாரம் மெல்ல இறங்க வேண்டும், திடீரென இறங்கினால் மீட்டரைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். அந்த ஏ-டு-சி கேபிளில் சிவப்பு டேப் சுற்றி, "மீட்டர்" என்று எழுதி, பெட்டிக்குள்ளேயே வைத்திருக்கிறேன். நேற்று ராத்திரி புதிதாக வந்த தம்பி, கைபேசிக்கு அதைக் கேட்டார். தரவில்லை.