டி90-ஆ, ஆர்எக்ஸ்100-ஆ: நெல்லைச் சீமை வெளிச்சத்தில் ஒரு கணக்கு

அலமாரியில் கிடக்கும் பழைய டிஎஸ்எல்ஆரை (லென்ஸ் கழற்றி மாற்றுகிற பெரிய கேமராவை) தூசி தட்டி எடுக்கலாமா, இல்லை சட்டைப்பையில் போகிற மாதிரி நல்ல காம்பேக்ட் ஒன்று வாங்கிவிடலாமா? இதைப் பொத்தாம்பொதுவாகப் பேசினால் ஒன்றும் விளங்காது. அதனால் இரண்டு கேமராக்களைப் பெயர் சொல்லியே எடுத்துக்கொள்வோம்: 2008 ஆகஸ்டில் வந்த நிக்கான் டி90, 2012 ஜூனில் வந்த சோனி ஆர்எக்ஸ்100 முதல் மாடல். இரண்டுமே இப்போது செகண்ட் ஹேண்டில் கைமாறுகிற சரக்கு.

முடிவை முதலிலேயே போட்டு உடைத்துவிடலாம். டி90-இல் கிட் லென்ஸை (கேமராவோடு சேர்ந்தே வருகிற லென்ஸை) மட்டும் மாட்டிக்கொண்டு திரிவதாக இருந்தால் அந்தச் சுமை வீண், ஆர்எக்ஸ்100 போதும். இன்னொரு லென்ஸாவது வாங்குவீர்கள் என்றால்தான் டி90-க்கு அர்த்தம் உண்டு.

ஏன் என்று பார்ப்போம். வெளிச்சத்தை வாங்கிப் படமாக்குவது சென்சார். டி90-இன் சென்சார் 23.6 × 15.8 மி.மீ. ஆர்எக்ஸ்100-இன் சென்சார் 13.2 × 8.8 மி.மீ. பரப்பில் மூன்று மடங்குக்குச் சற்று மேல் வித்தியாசம். அதாவது ஒன்றே முக்கால் ஸ்டாப்புக்குக் கொஞ்சம் குறைவு (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பாவது அல்லது பாதியாவது). ஆனால் சோனியின் சென்சார் நான்கு வருஷம் இளையது, அந்த இடைவெளியில் கொஞ்சத்தை அது மீட்டுவிடுகிறது. நடைமுறையில் ஒன்றேகால் ஸ்டாப் என்று வைத்துக்கொள்ளலாம்: ஆர்எக்ஸ்100-இல் ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்குக் கேமரா காட்டும் உணர்திறன்) 800-இல் தெரிகிற புள்ளி இரைச்சல், டி90-இல் ஐஎஸ்ஓ 2000 போனால்தான் தெரியும்.

இதைக் கேட்டதும் டி90 ஜெயித்துவிட்டது என்று தோன்றும். இங்கேதான் லென்ஸ் குறுக்கே வருகிறது. டி90-உடன் வந்த 18-105 லென்ஸ் அகலக்கோணத்தில் எஃப் 3.5 வரைதான் திறக்கும் (எஃப் எண் சின்னதானால் லென்ஸின் வாய், அதாவது அபெர்ச்சர், பெரிது). ஆர்எக்ஸ்100 அதே கோணத்தில் எஃப் 1.8. கிட்டத்தட்ட இரண்டு ஸ்டாப். திருநெல்வேலி டவுன் ரதவீதியில் ராத்திரி கடை விளக்குகளை 1/30 விநாடி ஷட்டர் வேகத்தில் எடுக்க டி90-க்கு ஐஎஸ்ஓ 2000 தேவைப்படும் இடத்தில், ஆர்எக்ஸ்100-க்கு 500 போதும். சின்ன சென்சார்தான், ஆனாலும் அந்தப் படம் அதில்தான் சுத்தமாக வரும். பிரிண்ட் போடுவதிலும் அப்படியே. டி90 தருவது 4288 × 2848 புள்ளிகள். 12 × 18 அங்குலத்துக்குப் போட்டால் அங்குலத்துக்கு 238 புள்ளி, சுவரில் மாட்ட அது தாராளம். ஆர்எக்ஸ்100 அதே அளவில் 304 தரும். கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு கிட்டப்போய்ப் பார்க்கிறவருக்கு மட்டும்தான் வித்தியாசம் தெரியும்.

எடைக் கணக்கும் இருக்கிறது. டி90 பாடி பேட்டரியோடு 703 கிராம், 18-105 லென்ஸ் 420 கிராம். ஆர்எக்ஸ்100 பேட்டரி, கார்டு எல்லாம் சேர்த்தே 240 கிராம்.

இனி 50 மி.மீ. எஃப் 1.8 டி லென்ஸை டி90-இல் மாட்டுங்கள். ஆட்டம் அப்படியே திரும்பிவிடும்.

பத்தமடையில் ஒரு வீட்டுக்குள் கோரைப்பாய் நெய்கிறதைப் படமெடுக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு ஜன்னல், மேலே ஒரு டியூப்லைட். கோரையை ஊடே விட்டு இழுக்கிற விரல்கள்தான் படம். 50 மி.மீ. லென்ஸ் டி90-இல் 75 மி.மீ. பார்வை தரும், கைகளை எடுக்கப் பொருத்தமான தூரம். ஆர்எக்ஸ்100-இல் அதே 75-க்கு ஜூம் செய்தால் அபெர்ச்சர் எஃப் 4 பக்கம் சுருங்கிவிடும். அந்த எஃப் 1.8 என்பது 28 மி.மீ. அகலக்கோணத்தில் மட்டும்தான், ஜூமைத் தொட்டதுமே அது மூடத் தொடங்கும். லென்ஸில் இரண்டேகால் ஸ்டாப், சென்சாரில் ஒன்றேகால், ஆக மூன்றரை ஸ்டாப் இழப்பு. டி90-இல் 1/125 கிடைக்கிற இடத்தில், அதே சுத்தத்தோடு ஆர்எக்ஸ்100-இல் 1/10 சுமார்தான் கிடைக்கும். "அதில் ஸ்டெடிஷாட் இருக்கே" என்பார்கள். அது உங்கள் கை நடுக்கத்தைத்தான் பிடிக்கும், நெய்கிறவர் கையைப் பிடிக்காது.

இந்த லென்ஸை வாங்கும்போது ஒரு விஷயத்தைத் தவறவிடக் கூடாது. டி வகை லென்ஸுக்குள் மோட்டார் கிடையாது, பாடியில் இருக்கும் மோட்டார்தான் அதைத் திருப்பும். டி90-இல், டி80-இல் அது உண்டு. டி40, டி60, டி3000, டி5000 பாடிகளில் இல்லை, அவற்றில் மாட்டினால் கையால்தான் ஃபோகஸ் திருக வேண்டும். விலை சல்லிசாக இருக்கிறதே என்று டி60 பாடியையும் இந்த லென்ஸையும் ஜோடி சேர்த்துவிட்டு முழிக்கிறவர்கள் அநேகம். எஃப் 1.8-இல் இந்த லென்ஸ் கொஞ்சம் சொதசொதவென்று இருக்கும், எஃப் 2.5-க்கு வந்தால் கத்தி. டியூப்லைட் வெளிச்சத்தில் ஷட்டர் 1/100 அல்லது 1/50 வைப்பது நல்லது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு விநாடிக்கு நூறு முறை துடிக்கும். 1/250 வைத்தால் ஒரு படம் மஞ்சளாகவும் அடுத்தது இருட்டாகவும் வருவது கேமராவின் கோளாறு அல்ல.

அடுத்தது வெயில். சித்திரை மதியத்தில் ஆர்எக்ஸ்100-இன் முதல் தொந்தரவு, திரையே தெரியாது. வியூஃபைண்டர் அதில் இல்லை. மெனுவில் திரை வெளிச்சத்தை வெயில் நேரத்துக்கான அமைப்புக்கு மாற்றினால் ஓரளவு தெரியும், பேட்டரிதான் வேகமாக இறங்கும். இரண்டாவது, அதன் ஷட்டரின் உச்ச வேகம் 1/2000. ஐஎஸ்ஓ 125-இல் உச்சி வெயிலில் எஃப் 1.8 வைத்தால் 1/10000 கேட்கும். அது முடியாது, படம் வெளுத்துப்போகும். குறைந்தது எஃப் 4-க்கு மூட வேண்டும். மேலே எஃப் 5.6-ஐத் தாண்டினால் டிஃப்ராக்‌ஷனால் கூர்மை மங்கும். ஆக வெளியே வெயிலில் உங்களுக்கு இருப்பது எஃப் 4-க்கும் 5.6-க்கும் நடுவில் ஒரு சின்னச் சந்து.

டி90-க்கு வெயிலில் வேறு கோளாறு. வெளிச்சத்தை அளக்கும் அதன் மேட்ரிக்ஸ் மீட்டர் ஃபோகஸ் புள்ளி விழுந்த இடத்துக்கு அதிக மதிப்புக் கொடுக்கும். வெள்ளை வேட்டி கட்டியவரின் முகத்தில் புள்ளியை வைத்தால் முகத்துக்கு வெளிச்சம் கூட்டி வேட்டியை வெறும் வெள்ளைத்தாளாக்கிவிடும். வெயிலில் இறங்கும்போதே எக்ஸ்போஷர் திருத்தத்தை (படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பை) −0.7-இல் வைத்துவிடுங்கள். நிழலை ரா ஃபைலில் (சென்சார் தந்த மூலப்பதிவில்) பிறகு தூக்கிக்கொள்ளலாம், வெந்துபோன வெள்ளையை மீட்க முடியாது.

மதிய வெயிலில் கண்குழி கறுத்துப்போகிற முகங்களுக்கு ஃப்ளாஷ் போடுவதில் மட்டும் காம்பேக்ட் கெட்டிக்காரன். அதன் ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே இருப்பதால் 1/2000 வரை ஃப்ளாஷோடு ஒத்துப்போகும். டி90-இல் உள்ளமைந்த ஃப்ளாஷ் 1/200 வரைதான். ஐஎஸ்ஓ 200, 1/200 என்றால் வெயிலுக்கு எஃப் 16 வைத்தாக வேண்டும். அந்த எஃப் 16-இல் ஃப்ளாஷ் ஒரு மீட்டருக்கு மேல் எட்டாது, பின்னணியும் அத்தனையும் துல்லியமாக வந்து நிற்கும்.

பறவை எடுக்கிறவர்களுக்கு நீண்ட பேச்சுத் தேவையில்லை. கூந்தங்குளத்தில் சீசனில் மஞ்சள்மூக்கு நாரையும் கூழைக்கடாவும் ஊருக்குள் இருக்கும் மரங்களிலேயே கூடு கட்டும். வீடு, கீழே ஆட்கள், தலைக்கு மேல் கூடு என்று ஊரும் பறவையும் சேர்ந்த படத்துக்கு ஆர்எக்ஸ்100-இன் 28-100 அழகாகப் பொருந்தும். குளத்து நடுவில் நிற்கிற வரித்தலை வாத்தை எடுக்க அது உதவாது, டிஜிட்டல் ஜூம் வெறும் உருப்பெருக்கம்தான். டி90-இல் 70-300 விஆர் லென்ஸ் (கை நடுக்கத்தைத் தாங்குகிற வகை) மாட்டினால் 450 மி.மீ. பார்வை கிடைக்கும், எடையில் 745 கிராம் கூடும். காலை வெளிச்சத்தில் ஐஎஸ்ஓ 400, எஃப் 6.3, 1/1000. ஏஎஃப்-சி (தொடர்ந்து ஃபோகஸ் செய்துகொண்டே இருக்கும் முறை), நடு ஃபோகஸ் புள்ளி மட்டும். டி90-இன் 11 புள்ளிகளில் நடுவில் உள்ளது ஒன்றுதான் குறுக்குவகை (நெடுக்கு, குறுக்கு இரண்டு கோடுகளையும் பிடிப்பது), பறக்கிற பறவையை ஓரப்புள்ளிகள் கோட்டைவிடும். கறுத்த தண்ணீர் பின்னணியில் வெள்ளைப் பறவைக்கு −0.7, வெளுத்த வானத்தில் பறப்பதற்கு +0.7 அல்லது +1. 300-இன் கடைசி முனையில் அந்த லென்ஸ் கொஞ்சம் மென்மை, வெளிச்சம் இருந்தால் எஃப் 8.

குற்றாலத்துக்கு வருவோம். சாரல் நேரத்து வெளிச்சம் உச்சி வெயிலைவிட நான்கு ஸ்டாப் வரை குறைவாக இருக்கும். அருவி பட்டுத்துணி மாதிரி வழிய ஷட்டர் 1/4 விநாடியாவது வேண்டும். டி90-இன் 18-105 லென்ஸில் 67 மி.மீ. ஃபில்டர் மாட்டலாம். ஐஎஸ்ஓ-வை லோ 1-க்கு இறக்கி (அது 100-க்குச் சமம்), எஃப் 11 வைத்து, போலரைசர் ஃபில்டர் மாட்டினால் 1/4 வந்துவிடும். போலரைசர் ஈரப்பாறையின் பளபளப்பையும் இலையின் மினுக்கத்தையும் சேர்த்தே வெட்டும், பச்சை நிஜப் பச்சையாகத் தெரியும். லோ 1-இல் வெள்ளைத் தண்ணீர் சீக்கிரம் வெந்துவிடும், ஹிஸ்டோகிராமின் (வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடத்தின்) வலது ஓரத்தைப் பார்த்துக்கொண்டே எடுங்கள். ஆர்எக்ஸ்100-இல் ஃபில்டர் மாட்ட மரையே கிடையாது, ஒட்டுகிற அடாப்டர் வாங்க வேண்டும். அது இல்லாமல் ஐஎஸ்ஓ 80, எஃப் 11 வைத்தாலும் 1/10 பக்கம்தான் நிற்கும். தண்ணீர் இழையிழையாக வரும், பட்டாக வராது. எதை வைத்து எடுத்தாலும் குளிக்கிற ஆட்கள் பக்கம் லென்ஸைத் திருப்பாதீர்கள். இதை எழுதித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

இரண்டுக்கும் மழைக்காப்பு கிடையாது. டி90-இல் ஹூட் மாட்டினால் துளி விழுவது குறையும், விழுந்த துளியும் அகன்ற கண்ணாடியில் பெரிதாகத் தெரியாது. ஆர்எக்ஸ்100-இன் முன்கண்ணாடி சின்னது, ஒரு துளி விழுந்தால் படத்தில் கால்வாசி மங்கிவிடும். அதோடு நீண்டு சுருங்குகிற குழாய் ஈரத்தை உள்ளே இழுக்கும். சாரலில் நனைந்தால் உடனே அணைத்து லென்ஸை உள்ளே சுருக்காதீர்கள், குழாயின் ஓரத்தைத் துடைத்த பிறகு அணையுங்கள். வேட்டி நுனியால் கண்ணாடியைத் துடைப்பது நம்மூர் வழக்கம், அதில் ஒட்டியிருக்கிற தூசி கோட்டிங்கைக் கீறிவிடும். முதலில் ரப்பர் ஊதுகுழலால் ஊதுங்கள், அப்புறம் மைக்ரோஃபைபர்.

தூசி விஷயத்தில் இரண்டும் வெவ்வேறு விதமாகச் சாகும். பணகுடிப் பக்கம் ஆடிக்காற்றில் லென்ஸ் மாற்றினால் டி90-இன் சென்சாரில் புள்ளி விழும். எஃப் 16-இல் வானத்தை எடுத்து முழு அளவில் பார்த்தால் கறுப்பாகத் தெரியும். பேட்டரியை முழுக்கச் சார்ஜ் செய்து, மெனுவில் சென்சாருக்கு முன்னால் இருக்கும் பிரதிபலிப்புக் கண்ணாடியைத் தூக்கி நிறுத்தும் வழியைத் தேர்ந்து, கேமராவைக் கவிழ்த்துப் பிடித்து ஊதுகுழலால் ஊதினால் பெரும்பாலும் போய்விடும். வாயால் ஊதக் கூடாது, எச்சில் தெறித்தால் வேலை இரட்டிப்பு. ஆர்எக்ஸ்100-இல் லென்ஸ் கழலாது, ஆனால் நீளும்போதெல்லாம் காற்றை உறிஞ்சும். தேரிக்காட்டுச் செம்மண் ஒரு முறை குழாய்க்குள் போனால் லென்ஸ் பாதியில் சிக்கி நிற்கும். தூசி சென்சாரில் உட்கார்ந்தால் பிரித்துத்தான் எடுக்க வேண்டும், அந்தச் செலவுக்கு இன்னொன்றே வாங்கிவிடலாம். சட்டைப்பையில் வெறுமனே போடாமல் ஜிப் உள்ள சின்ன உறையில் போடுங்கள். சட்டைப்பைப் பஞ்சும் தூசிதான்.

நெல்லையப்பர் ஆனித் தேரோட்டக் கூட்டத்தில் காம்பேக்ட்தான் தோது. வடம் பிடிக்கிறவர்களுக்கு நடுவே ஒரு கிலோவுக்கு மேலான பொருளைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு நிற்க முடியாது. ஒரு எச்சரிக்கை: முதல் மாடல் ஆர்எக்ஸ்100-இல் ஏ மோடில் (எஃப் எண்ணை நாம் வைக்கும் முறை) ஆட்டோ ஐஎஸ்ஓ வைத்தால் அது பாட்டுக்கு ஷட்டரைக் குறைத்துக்கொள்ளும், ஓடுகிற ஆட்கள் இழுபட்டு வருவார்கள். எஸ் மோடில் (ஷட்டரை நாம் வைக்கும் முறை) 1/250 வைத்து ஐஎஸ்ஓ-வை மட்டும் ஆட்டோவில் விடுங்கள். டி90-இல் ஆட்டோ ஐஎஸ்ஓ-வுக்குள்ளேயே குறைந்தபட்ச ஷட்டர் வேகத்தை வரையறுக்கலாம், அந்த வசதி அருமை.

வீடியோ எடுக்க வேண்டும் என்றால் டி90-ஐ மறந்துவிடுங்கள். 720பி, ஐந்து நிமிஷம், பதிவின்போது ஆட்டோ ஃபோகஸ் கிடையாது.

டி90 பாடி வாங்கப் போகிறவர் பார்க்க வேண்டியவை. ஷட்டர் ஒரு லட்சம் முறைக்குச் சோதிக்கப்பட்டது. ஒரு ஜேபெக் படத்தை எடுத்து அதன் எக்ஸிஃப் தகவலில் (படத்தோடு பதிவாகும் விவரத்தில்) ஷட்டர் எண்ணிக்கையைப் பாருங்கள், 40 ஆயிரத்துக்குள் இருந்தால் கவலையில்லை. மெனுவில் பேட்டரித் தகவலைத் திறந்தால் பேட்டரியின் வயது 0 முதல் 4 வரை காட்டும். 3, 4 என்றால் புதுசு வாங்கும் செலவையும் விலையில் கழியுங்கள். போலிப் பேட்டரிகளில் இந்த எண் நம்பகமில்லை. கைப்பிடி ரப்பரை விரலால் அழுத்துங்கள், நம்மூர் வெக்கையில் ஊதி உரிந்துவருவது இந்தத் தலைமுறை நிக்கான்களுக்கு வழக்கம். மாற்று ரப்பர் கிடைக்கும், பேரத்துக்கும் உதவும். லென்ஸின் பின்பக்கமிருந்து டார்ச் அடித்து முன்பக்கமாகப் பாருங்கள்: தூசி புள்ளியாகத் தெரியும், பூஞ்சை சிலந்திவலை மாதிரி தெரியும். தூசி பரவாயில்லை, பூஞ்சை இருந்தால் நகர்ந்துவிடுங்கள்.

கடைசியாக ஃபோகஸ் சோதனை. தினசரித்தாளை மேஜையில் விரித்து, டிரைபாடில் கேமராவை 45 டிகிரியில் சாய்த்து, 50-இல் எஃப் 1.8 வைத்து நடுவரி ஒன்றைக் குறிபாருங்கள். அந்த வரிக்கு முன்னோ பின்னோ கூர்மை விழுந்தால், டி90-இல் அதைத் திருத்த மெனு கிடையாது. வேறு லென்ஸ் மாட்டிப் பாருங்கள். அதிலும் அதே பக்கம் தவறினால் கோளாறு பாடியில் இருக்கிறது, அந்தப் பாடி வேண்டாம்.

வாங்கியது எதுவாக இருந்தாலும் காற்றுப்புகாத டப்பாவில் 100 கிராம் சிலிக்கா ஜெல், பத்து ரூபாய்ப் பொம்மை மாதிரி ஒரு ஈரமானி. முள் 40-க்கும் 50-க்கும் நடுவில் நிற்கட்டும். அரிசிக்குள் புதைத்து வைக்கிற வைத்தியம் வேண்டாம், அரிசி மாவு லென்ஸ் வளையத்துக்குள் போய்விடும். தோல் உறையிலும் வைக்காதீர்கள், பூஞ்சை முதலில் அதில்தான் பிடிக்கும். ஜெல் நிறம் மாறினால் இரும்புச் சட்டியில் சிறுதீயில் வறுத்து, ஆறிய பிறகு திரும்பப் போடுங்கள். அந்தச் சட்டியை அதோடு சமையலுக்கு எடுக்காதீர்கள்.