பால் பாக்கெட்டின் மூலை

பெங்களூருக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் காதில் முதலில் விழும் கன்னடத்தில், குப்பை வண்டிக்காரர் கேட்கும் "ஹசி கசனா, ஒண கசனா?" கட்டாயம் இருக்கும். ஹசி என்றால் ஈரம், ஒண என்றால் காய்ந்தது, கச என்றால் குப்பை. பதில் சொல்லத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, வாளியைப் பார்த்தாலே தெரிகிற மாதிரி வைத்திருந்தால் போதும்.

விதி சின்னது. பச்சை வாளியில் ஈரக்குப்பை, சிவப்பு வாளியில் ரிஜெக்ட் (உரத்துக்கும் மறுசுழற்சிக்கும் ஆகாதது), ஒரு பையில் உலர்குப்பை. "இரண்டு வாளி, ஒரு பை" என்ற இந்த முறையை 2015 டிசம்பரில் கர்நாடக உயர்நீதிமன்றம் நகரம் முழுவதற்கும் கட்டாயமாக்கியது. அதற்கு முன்பே 2012-இல், நகரக் குப்பை கொட்டப்பட்ட மாவள்ளிபுரா கிராமத்து மக்கள் "உங்க குப்பை எங்களுக்கு எதுக்கு" என்று லாரிகளை மறித்தபோதுதான் பிரித்துப் போடுவது நகரத்துக்கு அவசியமானது. ஈரமும் ரிஜெக்டும் தினமும் போகும். உலர்குப்பைக்குப் பெரும்பாலான ஏரியாவில் வாரத்துக்கு இரண்டு நாள். எந்த இரண்டு நாள் என்பது வார்டுக்கு வார்டு மாறும், வண்டிக்காரரையே கேட்டுக்கொள்ளுங்கள்.

பச்சை வாளியில் நடக்கும் பெரிய தப்பு, கவர். வாளிக்குள் பிளாஸ்டிக் கவர் விரித்து, முடிச்சுப் போட்டு அப்படியே கொடுப்பது. ஒரு ஆட்டோ டிப்பருக்கு (வீடு வீடாக வரும் குப்பை ஆட்டோ) சுமார் 750 வீடு என்பதுதான் இங்கே கணக்கு. ஒவ்வொரு கவரையும் பிரித்துக் கொட்டிவிட்டுக் கவரைத் தனியே எறிய 10 விநாடி வைத்துக்கொண்டாலும் இரண்டு மணிநேரத்துக்கு மேல் போய்விடும். அவ்வளவு நேரம் யாருக்கும் இல்லை. கவரோடு உள்ளே போகும், முழு லோடும் கலவைக் குப்பையாகும், மற்ற வீடுகளில் ஒழுங்காகப் பிரித்ததும் வீண். "மட்கும் கவர்" என்று எழுதி விற்பதும் வேண்டாம், வண்டியில் நின்று அதை அடையாளம் பார்க்க முடியாது. வாளி அடியில் பழைய செய்தித்தாள் இரண்டு தாள் போட்டால் ஒட்டாது, கழுவுவதும் சுலபம்.

நம் சமையலறைக் குப்பையில் சந்தேகம் வரும் சாமான்கள் சில உண்டு. முருங்கைக்காய்ச் சக்கை, புளிச்சக்கை, பில்டர் காபித் தூள், முட்டை ஓடு, மீன் முள், எலும்பு, வாழையிலை எல்லாம் பச்சை வாளிதான். மிஞ்சின ரசம், சாம்பாரை வடிகட்டித் திப்பியை மட்டும் போடுங்கள். தண்ணீர் சேர்ந்தால்தான் நாற்றமே. மல்லிகைச் சரம் வாழைநாரில் கட்டியதென்றால் அப்படியே போடலாம். பிளாஸ்டிக் நூலென்றால் நூலை உருவிவிடுங்கள், அது துண்டாக்கும் இயந்திரத்தின் தண்டில் சுற்றிக்கொள்ளும். கொட்டாங்கச்சியும் அந்த இயந்திரத்துக்கு ஆகாது, மட்கவும் ரொம்ப காலம் பிடிக்கும். தனியாகச் சேர்த்துத் தனியாகக் கொடுங்கள்.

இனி பால் பாக்கெட். மூலையைக் கத்தரித்து, அந்தச் சின்ன முக்கோணத்தைத் தூக்கிப் போடுகிறோம் பாருங்கள், அதுதான் வில்லன். விரல்நகம் அளவுத் துண்டை யாரும் பொறுக்க மாட்டார்கள், அது காய்கறித் தோலோடு போய் உரத்தில் கலக்கும். வெட்டும்போது மூலை முழுக்கத் துண்டாகாமல், ஒரு ஓரம் ஒட்டியிருக்கும்படி விடுங்கள். காலியானதும் அரை டம்ளர் தண்ணீர் விட்டுக் குலுக்கி (அதைச் செடிக்கு ஊற்றலாம்), சிங்க் ஓரம் கவிழ்த்துக் காயவிட்டு உலர்பையில் போடுங்கள். கழுவின பாக்கெட்டுக்கு மறுசுழற்சியில் விலை உண்டு. கழுவாதது இரண்டே நாளில் புளித்து, பையிலிருக்கும் காகிதத்தையும் கெடுத்துவிடும். எண்ணெய், நெய், தயிர்ப் பாக்கெட்டுக்கும் இதே வைத்தியம். சிப்ஸ், பிஸ்கட் உறைகளைப் பழைய பேப்பர்க்காரர் வாங்க மாட்டார், அதற்காகச் சிவப்பு வாளியில் போட வேண்டாம், அதுவும் உலர்பைதான். பீட்சா அட்டையை இரண்டாகக் கிழியுங்கள்: எண்ணெய் ஊறிய பாதி பச்சைக்கு, சுத்தமான மூடி பைக்கு.

சிவப்பு வாளியில் டயபர், நாப்கின், கட்டுத்துணி, முடி, பெருக்கிய தூசி. நாப்கினைச் செய்தித்தாளில் சுற்றி மேலே சிவப்பு மையில் பெருக்கல் குறி போடுங்கள், கையால் பிரிப்பவர் பிரித்துப் பார்க்காமல் ஒதுக்கிவிடுவார். உடைந்த கண்ணாடியைத் தடிமனாகச் சுற்றிக் கட்டி, கையில் கொடுக்கும்போதே "காஜு இதெ" என்று சொல்லிவிடுங்கள். பேட்டரி, டியூப்லைட், காலாவதி மருந்து இந்த மூன்றிலும் சேராது, தனிப் பையில் சேர்த்து வைத்து ஒப்படைக்க வேண்டும்.

மாடியோ பால்கனியோ இருந்தால் ஈரக்குப்பையை வீட்டிலேயே உரமாக்கலாம். மூன்றடுக்கு மண்பானை போதும். மேல் பானையில் அன்றன்றைய குப்பை, அதன்மேல் கைப்பிடி தேங்காய்நார்த் தூளோ காய்ந்த இலையோ, இரண்டு நாளுக்கு ஒருமுறை கிளறல். நிறைந்ததும் கீழ் அடுக்குக்கு மாற்றுங்கள். நாறினால் ஈரம் அதிகம், நார்த்தூளைக் கூட்டுங்கள். எறும்பு வந்தால் காய்ந்துவிட்டது, புளித்த மோரைத் தெளியுங்கள். புழுவைப் பார்த்துப் பயந்து பினாயில் ஊற்றுவதுதான் பலர் செய்கிற காரியம், அதோடு மொத்தமும் செத்துவிடும். புழு நெளிந்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம், நார்த்தூள் போட்டால் குறையும்.

2025 ஏப்ரலிலிருந்து குப்பைக் கட்டணம் சொத்து வரியோடு சேர்ந்தே வருகிறது: 600 சதுர அடி வரை மாதம் 10 ரூபாய், 1000 வரை 50, 2000 வரை 100. நாளைக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை சேரும் அபார்ட்மென்ட் என்றால் 'பல்க்' (மொத்தக் குப்பை) கணக்கு, அவர்களுக்கு விதி வேறு.

ஆயுதபூஜை மறுநாள் அல்சூர், ஸ்ரீராமபுரம் பக்கம் போய்ப் பார்த்தால் முனைக்கு முனை வாழைக்கன்றும் பூசணியும் குவிந்து கிடக்கும். முழு வாழைக்கன்றை ஆட்டோவில் ஏற்ற இடமிருக்காது, ஒரு அடித் துண்டுகளாக வெட்டிக் கட்டி வைத்தால் அன்றைக்கே போய்விடும். பூசணியை ரோட்டில் உடைத்த கையோடு துண்டுகளை அள்ளிவிடுங்கள், பைக் சறுக்கும். உள்ளே போட்ட சில்லறையை எடுக்க மறக்க வேண்டாம்.