மர மாடல் கப்பல் பழகுகிறவர்களுக்கு: பசையை எடுப்பதற்கு முன்னால்

முதல் கிட்டாக (வெட்டிய துண்டுகளாக வரும், நாமே ஒட்டிக் கட்ட வேண்டிய பெட்டி) எச்.எம்.எஸ். விக்டரி என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலை வாங்காதீர்கள். பெட்டியின் மேலிருக்கும் படம் ஆசை காட்டும். ஆனால் 1765-இல் நீரில் இறக்கப்பட்ட அந்தக் கப்பல் டிரஃபால்கர் போருக்குப் போனபோது அதில் 104 பீரங்கிகள் இருந்தன. மாடலில் எல்லாம் முழு உருவமாக வராது என்றாலும், ஒரே வேலையைப் பல டஜன் தடவை திருப்பிச் செய்தாக வேண்டும். பெரும்பாலானவர்கள் அந்தக் கட்டத்துக்கே வருவதில்லை. உடற்பகுதிக்குப் பலகை ஒட்டும்போதே அலுத்துப்போய்ப் பெட்டி பரணுக்கு ஏறிவிடுகிறது.

தொடங்க நல்ல இடம் சின்னப் படகு. மாடல் ஷிப்வேஸ் நிறுவனத்தில் பழகுகிறவர்களுக்கென்றே மூன்று கிட்டுகள் வரிசையாக இருக்கின்றன: லோவெல் கிராண்ட் பேங்க்ஸ் டோரி (1:24, அதாவது நிஜப் படகில் 24-இல் ஒரு பங்கு அளவு), நார்வீஜியன் செய்லிங் ப்ராம் (1:12), மஸ்காங்கஸ் விரிகுடா லாப்ஸ்டர் ஸ்மாக் (1:24). இந்த வரிசையிலேயே செய்யலாம். டோரி என்பது நியூஃபவுண்ட்லாந்துக்கு அப்பால் காட் மீன் பிடிக்கப்போன ஸ்கூனர் என்ற பாய்க்கப்பல்கள் மேல்தளத்தில் ஏற்றிச்சென்ற தட்டையடிப் படகு. இருக்கைகளைக் கழற்றிவிட்டு ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிவிடுவார்கள். பாய்மரக் கயிறுகளின் சிக்கல் இல்லை, துண்டுகளும் கொஞ்சம்தான். ஆனாலும் பலகையை வளைப்பது, விளிம்பைச் சாய்வாகச் சீவுவது, ஒன்றன்மேல் ஒன்றை ஏற்றி ஒட்டுவது மூன்றும் கைக்கு வந்துவிடும்.

லேசர் வெட்டிய துண்டுகளின் விளிம்பு கருகியிருக்கும். பசை பிடிக்க வேண்டிய இடத்தில் அந்தக் கருப்பை 240 நம்பர் உப்புத்தாளால் லேசாக எடுத்துவிடுங்கள். கருகிய மரத்தில் பசை சரியாகப் பிடிக்காது. லேசாக என்றால் லேசாகத்தான். கருப்பு போகும்வரை அழுத்தித் தேய்த்தால் துண்டின் அளவே குறைந்து, பொருத்துகிற இடத்தில் ஆடும். டோரியோடு 7 செ.மீ. உயரத்தில் ஒரு அட்டை மனிதனையும் வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். 1:24-இல் அது சராசரி ஆள் உயரம். இருக்கை, துடுப்பு எதிலாவது சந்தேகம் வந்தால் அவனைப் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

கருவிகளுக்கு ஹார்ட்வேர் கடையும் ஸ்டேஷனரிக் கடையும் போதும்: 11-ஆம் நம்பர் பிளேடு போட்ட கத்தி, ஸ்டீல் ஸ்கேல், மூலைமட்டம், 120, 180, 240 உப்புத்தாள், சின்ன இழைப்புளி, 0.5 முதல் 1 மி.மீ. வரை துளைக்கும் கை டிரில், இரண்டு டஜன் துணிக் கிளிப். பசைக்கு ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசை. ஃபெவிக்விக் அவசரத்துக்கு மட்டும். அது மரத்துக்குள் ஊறிய இடத்தில் பின்னால் பூசும் சாயம் ஏறாது, திட்டுத் திட்டாகத் தெரியும்.

சின்னப் படகுகள் முடிந்தபிறகு வருவது பல்க்ஹெட் வகைக் கிட். நடுவே கப்பலின் முதுகெலும்புபோல நீளவாக்கில் ஒரு கீல் தகடு, அதன் காடிகளில் குறுக்காகச் செருகும் பல்க்ஹெட்டுகள் (உடற்பகுதியின் வடிவத்தில் வெட்டிய குறுக்குத் தகடுகள்), அவற்றின்மேல் முதலில் 1.5 மி.மீ. கனத்தில் லைம்வுட் பலகை, அதற்குமேல் 0.5 அல்லது 0.6 மி.மீ. வால்நட் பட்டை. பெரும்பாலான கிட்டுகளில் இதுதான் அமைப்பு. இங்கேதான் நிதானம் வேண்டும்.

கீல் தகட்டைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து நீளவாக்கில் பாருங்கள். வளைந்திருந்தால் ஈரத்துணியால் துடைத்து, கண்ணாடிப் பலகைக்கு அடியில் பாரம் வைத்து இரண்டு நாள் விடுங்கள். வளைந்த கீலில் கட்டிய கப்பலைப் பிறகு நிமிர்த்த முடியாது. பின்பக்கத்தில் கணக்கு ஒன்று இருக்கிறது. கீல் 5 மி.மீ. கனம் என்று வையுங்கள். இரண்டு அடுக்குப் பலகையும் சேர்ந்து ஒரு பக்கத்துக்கு 2.1 மி.மீ., இரண்டு பக்கத்துக்கும் 4.2. அப்படியே ஒட்டினால் பின்முனை 9.2 மி.மீ. தடித்துவிடும், அங்கே பொருத்த வேண்டிய கட்டையோ 5 மி.மீ.தான். அதனால் பலகை முடிகிற பகுதியில் கீலை இரண்டு பக்கமும் 2 மி.மீ. சரிவாகச் சீவி, விளிம்பில் 1 மி.மீ. மட்டும் விட வேண்டும். கையேடுகள் பல இதை ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விடும். பல்க்ஹெட்டுகளை ஒட்டிவிட்டால் உள்ளே கத்தி நுழையாது, ஆகவே முதலிலேயே செய்துவிடுங்கள்.

பல்க்ஹெட் விளிம்புகளைச் சாய்க்கும்போது எல்லா விளிம்பையும் பென்சிலால் கருப்பாக்கிக்கொண்டு, நீளமான மரத்துண்டில் ஒட்டிய உப்புத்தாளால் இரண்டு மூன்று பல்க்ஹெட்டுகளுக்கும் குறுக்காகத் தேய்க்க வேண்டும். கருப்பு எங்கே மிஞ்சுகிறதோ அங்கே பலகை தொடாது. ஒரு பலகையை வெறுமனே வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு விளிம்பிலும் முழு அகலத்துக்குப் படிய வேண்டும். ஓரம் மட்டும் தொட்டால் இன்னும் தேய்க்க வேண்டும். அதிகமாகத் தேய்த்துப் பள்ளமானால் 0.5 மி.மீ. சிம்பு ஒட்டி மறுபடி சீராக்கலாம். முன்முனையில் முதல் இரண்டு பல்க்ஹெட்டுகளுக்கு நடுவே பால்சா கட்டை அடைத்துவிட்டால் பலகை வளைய ஒரு ஆதாரம் கிடைக்கும்.

இப்போது பலகையின் அகலம். நடு பல்க்ஹெட்டின் விளிம்போடு ஒரு காகிதப் பட்டையைப் படியவைத்து, மேலிருந்து கீல் வரை அளவெடுங்கள். 80 மி.மீ. வருகிறது, பலகை 5 மி.மீ. என்றால் 16 பலகை. அதே 16 பலகையும் முன்முனையிலும் அடங்க வேண்டும். அங்கே 48 மி.மீ.தான் இருந்தால் ஒவ்வொரு பலகையும் முனையில் 3 மி.மீ. ஆகக் குறுக வேண்டும். எல்லா பல்க்ஹெட்டிலும் இப்படி அளந்து 16-ஆல் வகுத்துப் புள்ளி வைத்துக்கொள்ளுங்கள். முனையில் பாதி அகலத்துக்கும் கீழே, அதாவது 2.5 மி.மீ.க்குக் குறைவாகப் போனால் அந்தப் பலகையில் ஆணியும் நிற்காது, பார்க்கவும் நன்றாயிராது. இரண்டு பலகையை ஒன்றில் முடித்துவிடுவது மேல். பின்பக்கம் எதிர்மாறாக இடம் விரியும். அங்கே இடைவெளியில் ஆப்புப்போலக் கூரான துண்டைச் சொருக வேண்டும்.

இந்தக் கணக்கைப் போடாமல் பலகையை அப்படியே இழுத்து ஒட்டினால் என்ன ஆகும்? கனத்தின் பக்கமாகப் பலகை எளிதில் வளையும், அகலத்தின் பக்கமாக வளையாது. வலிந்து வளைத்தால் ஒரு விளிம்பு எழும்பிப் படிக்கட்டாக நிற்கும். அதை உப்புத்தாளால் சமன்செய்யப் பார்த்தால் பலகையே ஓட்டையாகிவிடும். அகலம் குறைப்பதை இடது, வலது பலகைகளைச் சேர்த்துக் கிளிப் போட்டு ஒரே தடவையில் சீவினால் இரு பக்கமும் ஒன்றாக வரும்.

வளைக்க, வெதுவெதுப்பான நீரில் 15 முதல் 20 நிமிடம் ஊறவைத்து, கப்பலிலேயே கிளிப்பால் பிடித்து நன்றாகக் காயவிடுங்கள். பசை அதன்பிறகுதான். ஈர மரம் அகலத்தில் ஊதியிருக்கும்; அந்த நிலையில் ஒட்டினால் காய்ந்ததும் சுருங்கி, பலகைகளுக்கு நடுவே வெடிப்பு விழும். மழைக்காலத்தில் ஒரு இரவு விட்டாலும் தவறில்லை. குண்டூசி அடிப்பதானால் துளை போட்டுக்கொண்டு பாதிவரை அடித்து, பசை பிடித்ததும் பிடுங்கிவிடுங்கள். இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று மாறி மாறி ஒட்டுங்கள். ஒரு பக்கமே நாலைந்து பலகை ஏறினால் கீல் அந்தப் பக்கம் முறுக்கிக்கொள்ளும்.

முதல் அடுக்கில் பிசிறு இருந்தால் மர மாவும் பசையும் குழைத்து அடைக்கலாம். வால்நட் அடுக்கில் அந்தச் சலுகை கிடையாது. 0.6 மி.மீ.யில் 120 நம்பரை வைத்தால் கீழ் மரம் வெளியே வந்துவிடும், 240-இலேயே தொடங்குங்கள். வால்நட் தூள் மூக்கையும் தொண்டையையும் எரிச்சலூட்டும், மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள்.

கயிறு வேலைக்கு வரும்போது நிற்கும் கயிறுகளுக்கு (பாய்மரத்தை அசையாமல் பிடிப்பவை) கருப்பு அல்லது கரும்பழுப்பு, ஓடும் கயிறுகளுக்கு (பாயை ஏற்றி இறக்கி இழுப்பவை) வெளிர் நிறம். நூலைத் தேன்மெழுகில் ஒரு தடவை இழுத்தால் பிசிறு படியும். பாய்மரத்தில் ஏறுவதற்காக ஓரக் கயிறுகளுக்குக் குறுக்கே படிபோலக் கட்டும் ஏணிக் கயிறுகளின் இடைவெளி நிஜத்தில் 13 முதல் 15 அங்குலம், 1:64-இல் 5 முதல் 6 மி.மீ. கோடு போட்ட அட்டையைப் பின்னால் வைத்துக்கொண்டு கட்டினால் அளவு தவறாது. முடிச்சை இறுக்கி இழுக்கக்கூடாது; இழுத்தால் இரண்டு ஓரக் கயிறும் உள்வாங்கி இடுப்பு ஒடுங்கியதுபோல் ஆகிவிடும். ஓரக் கயிறு நேராக இருக்கிறதா என்று நாலு வரிசைக்கு ஒருமுறை சற்றுத் தள்ளி நின்று பார்த்துவிட்டு, சரியாக இருந்தால் மட்டும் முடிச்சில் பசை நீரைத் தொட்டு வையுங்கள்.